பதிவேட்டின் தேதி யாருக்காக?

திறமூல மென்பொருள் தன் செயல்களை வரிவரியாகக் குறித்துவைக்கும் பதிவேட்டிலும் தேதியை நாள், மாதம், ஆண்டு என்றே எழுத வேண்டும், இல்லையேல் தருமபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளிக் கடைக்காரருக்குப் புரியாது என்று வாதிடுவோர், அந்தக் கோப்பைத் திறப்பவர் கடைக்காரரே அல்லர் என்பதை மறந்துவிடுகின்றனர். 04/03/2024 என்பது தருமபுரியில் மார்ச் 4, அமெரிக்காவில் ஏப்ரல் 3. பிழை தேடும் நிரலாளர் எந்த ஊரில் இருப்பார் என்று யார் கண்டது? 2002இல் வெளியான ஆர்எஃப்சி 3339 என்னும் இணையத் தர ஆவணத்தின் விதிப்படி 2024-03-04 18:30:00+05:30 என எழுதினால், ஒரே நேர மண்டலத்துக்குள் எழுத்து வரிசையே கால வரிசையாகிவிடுகிறது; கடைசித் துண்டு, உலகப் பொது நேரத்தைவிட இந்திய நேரம் ஐந்தரை மணி முந்தியது என்பதைச் சொல்கிறது. நேரம், பயனர், பிழை ஆகியவற்றைத் தனித்தனிப் பெயருள்ள புலங்களில் வைக்கும் கட்டமைப்புப் பதிவுமுறை, நேரப் புலமே குழம்பியிருந்தால் பெயரளவில்தான் கட்டமைப்பு. கடைக்காரர் பார்க்கும் ரசீதில் ‘4 மார்ச், 2024’ என அச்சிடுவது காட்சி அடுக்கின் வேலை. அதற்கான தமிழ் வடிவங்கள் யூனிகோடு கூட்டமைப்பின் வட்டாரத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்கெனவே உள்ளன.