லாரி வராத பாதை எங்களுக்கும் வேண்டும்

அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்கிற பெண்களுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும் திட்டம் 2001-2002ல் ஆரம்பித்தது. பிறகு பையன்களுக்கும் கொடுத்தார்கள். நல்ல திட்டம்தான், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வேப்பம்பட்டில் அந்த சைக்கிள்கள் எத்தனை மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடக்கின்றன தெரியுமா? "சி.டி.எச். ரோட்டுல லாரி போற வேகத்துக்கு எம் பொண்ண எப்படிக்கா அனுப்புறது?" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் பெண் ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு போகிறாள். அதற்கும் தினம் காசு!

ஐரோப்பாவில் 'யூரோவெலோ' என்று நாடு விட்டு நாடு போகிற சைக்கிள் பாதைகள் போட்டிருக்கிறார்கள். அதில் ஆறாம் நம்பர் பாதை பிரான்சில் அட்லாண்டிக் கடலோரம் தொடங்கி, பத்து நாடுகளைக் கடந்து ருமேனியாவில் கருங்கடலில் முடிகிறது. நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல்! முழுக்கப் புதிதாக ரோடு போடவில்லை. டான்யூப் ஆற்றங்கரையில், அந்தக் காலத்தில் குதிரை கட்டிப் படகு இழுத்த வழி இருந்தது. பல இடங்களில் அதையே சைக்கிள் பாதை ஆக்கிவிட்டார்கள். வண்டி ஓடும் ரோட்டில் போகவேண்டிய இடங்களும் நடுவில் உண்டு. ஆனாலும் குழந்தையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பெண்கள் நிம்மதியாகப் போகிறார்கள்.

நமக்கு நாடு தாண்ட வேண்டாம், மாநிலம் தாண்டினால் போதும். ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாக நம் பூண்டி ஏரிக்குக் கிருஷ்ணா கால்வாய் வருகிறது. 1996ல் தண்ணீர் வந்தது. மொத்தம் 177 கிலோமீட்டர், அதில் நம் பக்கம் 25. பூண்டியிலிருந்து புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் வேறு கால்வாய்கள் போகின்றன. கரையை ஒட்டி நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஒரு பாதை, தண்ணீர்ப் பக்கம் உயரமான கம்பி வேலி, ரயில்வே ஸ்டேஷன்களிலிருந்து கிளைப்பாதை. இவ்வளவுதான் கேட்கிறேன்.

"ஆள் நடமாட்டமில்லாத கால்வாய்க் கரையில் பொம்பளைப் பிள்ளை போகலாமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் விளக்கும் வேண்டும், கடையும் வேண்டும் என்கிறேன். டான்யூப் கரையில் வழிநெடுக வீடுகளில் அறை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறார்கள். இங்கே மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு மூணு கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடையும் கழிப்பறையும் கொடுத்துப் பாருங்கள். ஆள் நடமாட்டம் தானாக வரும்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. இன்று எங்கள் பிள்ளைகளுக்கு ஓட்டத் தெரியும், வண்டியும் இருக்கிறது. வழிதான் இல்லை. முதலில் நம் பக்கத்து 25 கிலோமீட்டரை மட்டுமாவது எடுத்துக்கொண்டு, நீர்வளத் துறையும் மாவட்ட நிர்வாகமும் ஆவன செய்வார்களா?

- ஒரு வாசகி, வேப்பம்பட்டு.