பழைய காருக்கு டர்போ எஞ்சின்: கைத்திறன் மட்டும் போதுமா?

பழைய கார் ஒன்றை வாங்கி, அதன் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் டர்போ வைத்த எஞ்சினை ஏற்றி ஓட்டும் மோகம் பெரிய நகரங்களில் இருந்து வருகிறது. இந்த வேலை கார் தொழிற்சாலையில் நடப்பதில்லை. வீட்டு முற்றத்திலும், சந்து முனையில் உள்ள கராஜிலும் நடக்கிறது. காசு கொடுப்பவர் காரின் சொந்தக்காரர். கையில் கிரீஸோடு வேலை செய்பவரோ பல இடங்களில் சம்பளத்துக்கு இருக்கும் மெக்கானிக். மும்பை கராஜ்களில் வேலை பார்ப்போரில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. ஆகவே, "இது பணக்காரர் விளையாட்டு, நமக்கென்ன?" என்று தமிழ்க் குடும்பங்கள் ஒதுங்கிவிட முடியாது.

இந்த வேலைக்குத் திறமை வேண்டும். அந்தத் திறமையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், பிரேக்கைப் பார்க்காமல், பத்திரத்தைப் பார்க்காமல் வேகத்தை மட்டும் கூட்டுவது மற்றவர் உயிரோடு விளையாடுவதாகும். அதே சமயம், ஒழுங்காகச் செய்ய நினைப்பவனுக்கும் கதவை அடைத்து வைப்பது அரசுக்கு அழகல்ல. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

கம்பெனியே செய்த மாற்றம்

இப்படி எஞ்சின் மாற்ற விரும்புவோர் தேடும் கார்களில் ஒன்று கான்டசா. வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த கார் இது. 1984-ல் வெளிவந்தது. நீண்ட மூக்கு, அகன்ற உடல், பின்சக்கர இயக்கம் எல்லாம் இருந்தன. உள்ளே இருந்ததோ அம்பாசிடரின் எஞ்சின்தான். அதன் சக்தி சுமார் 50 குதிரைசக்தி. பெரிய உடலை அது மூச்சு வாங்கிக்கொண்டு இழுத்தது.

பிறகு அதே கம்பெனி ஜப்பானின் இசுஸு நிறுவனத்து 1,800 சி.சி. எஞ்சினைக் கான்டசாவில் பொருத்தியது. சக்தி 80-ஐத் தாண்டியது. காரின் பெயரே ஓங்கியது. 2002-ல் உற்பத்தி நின்றுபோன பிறகும் அந்தக் காருக்கு ஆசைப்படுவோர் குறையவில்லை.

எஞ்சின் மாற்றம் என்பதே பாவம் அல்ல என்பதற்கு இது சாட்சி. ஆனால் கம்பெனி எஞ்சினை மட்டும் மாற்றவில்லை. கியர்பாக்ஸையும் ஐந்து கியர் உள்ளதாக மாற்றியது. அரசின் சோதனைக்கு உட்பட்டே விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதைத்தான் வீட்டில் செய்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

டர்போ என்ன செய்கிறது?

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை வீணாகப் போகிறது. அந்தப் புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. காற்று அதிகமானால் எரிபொருளையும் அதிகமாக எரிக்கலாம், சக்தி கூடும். இந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். சுத்தமான ஆயில் ஓயாமல் போய்ச் சேராவிட்டால் அதன் பேரிங் நாசமாகும். வேலை செய்யும்போது அதன் உடல் செக்கச் சிவந்து போகும் அளவுக்குச் சூடேறுவதும் உண்டு.

இன்று 1,000, 1,200 சி.சி. டர்போ எஞ்சின்களே 100 குதிரைசக்தி அளவுக்குத் தருகின்றன. 50 குதிரைசக்திக்கென்று செய்யப்பட்ட பழைய காரில் இரண்டு மூன்று பங்கு சக்தியை ஏற்றினால் என்ன ஆகும்? கிளட்ச் வழுக்கும். கியர்பாக்ஸின் பற்கள் உடையும். பின் ஆக்சில் முறியலாம். பழைய ரேடியேட்டர் புதிய சூட்டைத் தாங்காது.

பெட்ரோல் குழாய் இன்னும் ஆபத்தானது. கார்புரேட்டர் காலத்துக் கார்களில் பெட்ரோல் மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் வரும். இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களுக்கு அதைப்போலப் பல மடங்கு அழுத்தம் தேவை. இருபது வருடத்துப் பழைய ரப்பர் குழாயில் அந்த அழுத்தத்தை விட்டு, பக்கத்தில் கொதிக்கும் டர்போவையும் வைத்தால், அது கார் அல்ல, கொள்ளிக்கட்டை.

பிரேக் கணக்கு அதைவிட எளிது. வேகம் இரண்டு மடங்கானால், காரை நிறுத்த பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் நின்ற கார் 120-ல் அதே தூரத்தில் நிற்காது. எஞ்சினுக்கு லட்சக்கணக்கில் செலவழிப்பவர் பிரேக்குக்கு வரும்போது, "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறார். குறுக்கே வரும் பிள்ளைக்கு அடுத்த மாதம் என்பது இல்லை.

சட்டம் சொல்வது

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்த கம்பெனி குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பழுதான எஞ்சினுக்குப் பதில் அதே ரக எஞ்சினைப் போட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வழி உண்டு. வேறு கம்பெனியின் பெரிய எஞ்சினை விருப்பம்போல் ஏற்ற வழியில்லை. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே பொருள் கொண்டது. அதே 2019-ல் சட்டம் திருத்தப்பட்டபோது, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உடைமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று வகை செய்யப்பட்டது.

யார் தலையில் விழும்?

இப்படி மாற்றிய கார் ஒருநாள் கை மாறும். மலிவாக வருகிறதே என்று அதை வாங்குபவர், கூட்டிக் கழித்துக் காசு சேர்த்த ஒரு குமாஸ்தாவாக இருக்கலாம். பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண் ஒன்று, வண்டியில் உள்ளது ஒன்று என்று தெரியவரும். போட்ட பணம் போயிற்று. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி, "மாற்றத்தை எங்களிடம் சொல்லவில்லையே" என்று கையை விரிக்கலாம்.

எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பது இன்னொரு கேள்வி. மும்பை குர்லாவிலும் சென்னை புதுப்பேட்டையிலும் பழைய உதிரிபாகங்கள் வாங்க முடியும். அங்கே நாணயமான வியாபாரிகள் இருக்கிறார்கள். ஆனால் பில் இல்லாமல் வந்த எஞ்சின் திருட்டு வண்டியுடையது என்று தெரிந்தால், போலீஸ் முதலில் கேள்வி கேட்பது அதை இறக்கி ஏற்றிய மெக்கானிக்கைத்தான். முதலாளிக்கு வக்கீல் வருவார். ஊரை விட்டு வந்து கராஜிலேயே படுத்து எழும் பையனுக்கு யார் வருவார்?

வேலை நடக்கும் இடத்திலும் ஆபத்து உண்டு. நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள எஞ்சினைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுப்பவன் உயிரைப் பணயம் வைக்கிறான்.

வழி திறக்க வேண்டும்

"அப்படியானால் அடியோடு ஒழித்துவிடலாமே" என்பார் சிலர். சட்டம் இருக்கும்போதே மறைவில் நடக்கிறது. மறைவில் நடப்பதில்தான் ஆபத்து அதிகம். "என் கார், என் காசு, என் இஷ்டம்" என்பார் வேறு சிலர். காரின் பத்திரம் அவருடையது; ரோடு எல்லோருடையது.

நடுவே நியாயமான பாதை ஒன்று உண்டு. மும்பை டாக்சிகள் பெட்ரோலிலிருந்து சி.என்.ஜி. கேஸுக்கு மாறியபோது என்ன நடந்தது? அங்கீகாரம் பெற்ற கருவியைப் பொருத்தி, ஆர்.சி. புத்தகத்தில் பதியும் முறை வந்தது. பழைய வண்டியில் மின்சார மோட்டார் பொருத்தவும் அப்படியே விதிகள் உள்ளன. ஜெர்மனியில் காரில் முக்கியமான மாற்றம் செய்தால், அதிகாரம் பெற்ற நிபுணர் சோதித்து ஒப்புதல் தந்து, பத்திரத்தில் ஏற்றிய பிறகே ரோட்டுக்கு வரலாம். கேஸுக்கும் மின்சாரத்துக்கும் திறந்த கதவை எஞ்சினுக்கும் சிறிது திறந்தால் என்ன? பிரேக், புகை, எரிபொருள் குழாய், எஞ்சினின் பில் ஆகிய நான்கையும் சோதித்து, தேறினால் அனுமதி, தேறாவிட்டால் மறுப்பு என்று மத்திய அரசு விதி செய்யலாம். மெக்கானிக்குக்கும் பயிற்சிச் சான்று தந்தால் அவன் திறமைக்கு மதிப்பும் கூலியும் உயரும்.

அந்த நாள் வரும்வரை, கராஜில் வேலை செய்யும் தம்பிகள் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்கட்டும். எஞ்சினுக்கு பில் எங்கே? ஆர்.டி.ஓ. அனுமதி எங்கே? பிரேக்குக்கு ஏற்பாடு என்ன? பதில் வராத வேலையை மறுப்பதால் ஒருநாள் கூலி போகலாம். ஏற்றுக்கொண்டால் போகக் கூடியது அதைவிடப் பெரியது.