முதலில் வாசகர், பிறகு அட்டைப்படம்

ராக் இசைக்கென மாணவர் இதழ் நடத்தப் பெருநகரம் வேண்டும் என்பார்கள். அது உண்மையல்ல. இந்தியாவில் அமித் சைகல் 1993-இல் 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' இதழைத் தொடங்கியது மும்பையில் அல்ல, அலகாபாத்தில். கேமரன் மலைத் தோட்டத்து மாணவர்களாலும் முடியும்.

ஆனால் பலர் அட்டைப்படத்திலிருந்தே திட்டமிடத் தொடங்குகிறார்கள். வெளிநாட்டு நட்சத்திரங்களின் படங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. அவற்றுக்காக யாரும் இதழ் வாங்கமாட்டார்கள். சுங்கை பாலாஸ் தோட்டத்து மாணவருக்கு வேண்டியவை வேறு. முதல் கிட்டாரைச் சுருதி சேர்ப்பது எப்படி? தமிழில் ராக் பாடல் எழுதுவது எப்படி? பினாங்கு ஆறுமுகம் சகோதரர்களின் 'அலிகேட்ஸ்' குழு நாடறிந்தது எப்படி?

வடிவமைப்புக்குப் பெரும்பணம் தேவையில்லை. நான்கு ஏ4 தாள்களை இருபுறமும் நகலெடுத்து, நடுவில் மடித்து, ஸ்டேப்ளர் அடித்தால் 16 பக்க இதழ் தயார். எழுத்து பெரிதாக, படம் தெளிவாக இருந்தால் போதும். அதில் நான்கு பக்கங்களை வாசகர் எழுதும் பாடல்களுக்கே ஒதுக்குங்கள்.

தேயிலைத் தோட்டம் என்றாலே சுற்றுலாப் பயணி எடுக்கும் பச்சைப் படம்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அங்கே வளரும் பிள்ளைகளுக்கும் சொந்தக் குரல் உண்டு. அதை அச்சில் ஏற்றாத இதழ், எவ்வளவு அழகாக இருந்தாலும் வெறும் படப் புத்தகம்தான்.