கைக்கு வந்த பந்து நழுவினால் யார் குற்றம்? அமெரிக்கக் கால்பந்தின் தீராத ‘டிராப்’ விவாதம்

2023 செப்டம்பர் 7. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் என்.எஃப்.எல். சீசனின் முதல் ஆட்டம். நடப்பு சாம்பியன் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸும் டெட்ராய்ட் லயன்ஸும் மோதின. மூன்றாவது கால்பகுதியில் சீஃப்ஸ் 14-7 என்று முன்னிலை. அப்போது பேட்ரிக் மஹோம்ஸ் எறிந்த பந்து நேராக கடாரியஸ் டோனியின் கைகளுக்கு வந்தது. பிடித்திருக்க வேண்டிய பந்து. ஆனால், கையில் பட்டுத் தெறித்தது. லயன்ஸின் அறிமுக வீரர் பிரையன் பிராஞ்ச் அதை அப்படியே பிடித்துக்கொண்டு 50 யார்டு ஓடி டச்டவுன் அடித்துவிட்டார். கடைசியில் சீஃப்ஸ் 20-21 எனத் தோற்றது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்.

ஏழு மாதங்களுக்கு முன்பு இதே டோனிதான் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் 65 யார்டு ஓடி, அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே நீளமான ‘பன்ட் ரிட்டர்ன்’ சாதனையைப் படைத்தவர். அன்றைக்குத் தோளில் தூக்கிவைத்த ரசிகர்களே, “இவரை உடனே வெளியே உட்கார வையுங்கள்” என்றார்கள். “ஒரு ஆட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்” என்றது இன்னொரு தரப்பு. ஒவ்வொரு சீசனிலும், ஏதாவது ஓர் அணியின் ரசிகர்கள் ஏதாவது ஒரு வீரரை வைத்து நடத்தும் சண்டை இது. இதில் யார் சொல்வது சரி?

முதலில், ஆட்டத்தின் அடிப்படை

அமெரிக்கக் கால்பந்தில், தாக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். பெரும்பாலும் மைதானத்தின் ஓரமாக நின்று, ஏற்கெனவே பேசிவைத்த பாதையில் ஓடி, அந்தப் பந்தைப் பிடிப்பவர் வைட் ரிசீவர். பிடிக்கக்கூடிய பந்தை அவர் தவறவிடுவதுதான் ‘டிராப்’.

நமக்குப் பழகிய கிரிக்கெட்டில் ஃபீல்டர் கேட்ச்சை விட்டால் எதிரணி பேட்ஸ்மேன் பிழைத்துக்கொள்வார். இங்கே நிலைமை வேறு. ரிசீவர் விட்டால் அவருடைய சொந்த அணியின் நான்கு வாய்ப்புகளில் ஒன்று காலி. கையில் பட்டு எழும்பிய பந்து தரையில் விழுவதற்குள் எதிரணி பிடித்துவிட்டால், ஆட்டமே கைமாறிவிடும். அதோடு, அந்த ‘இன்டர்செப்ஷன்’ பதிவேட்டில் ஏறுவது எறிந்தவரின் பெயரில்! டோனி விட்ட பந்து இன்றும் மஹோம்ஸின் கணக்கில்தான் இருக்கிறது.

டிராப் என்று யார் முடிவு செய்வது?

இங்கேதான் விவாதத்தின் முதல் முடிச்சு. பிடித்த பந்துகள், ஓடிய யார்டுகள், டச்டவுன்கள் எல்லாவற்றுக்கும் லீகின் அதிகாரபூர்வப் பதிவு உண்டு. டிராப்புக்கு அப்படி ஓர் அதிகாரபூர்வக் கணக்கு கிடையாது. தனியார் புள்ளிவிவர நிறுவனங்கள் காணொளியைப் பார்த்து, “வழக்கமான முயற்சியிலேயே இதைப் பிடித்திருக்கலாம்” என்று கருதினால் டிராப் என்று குறித்துக்கொள்கின்றன. அது ஒரு மனிதரின் கணிப்பு. அதனால்தான் ஒரே வீரருக்கு ஒரு நிறுவனம் ஓர் எண்ணையும் இன்னொரு நிறுவனம் வேறோர் எண்ணையும் தருகிறது. ரசிகர்களும் அவரவர் வாதத்துக்கு வசதியான எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள்.

இதற்குப் பெயர்போன உதாரணம், 2012 பிப்ரவரி 5 அன்று நடந்த சூப்பர் பவுல். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 17-15 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய சில நிமிடங்களே பாக்கி. டாம் பிரேடி எறிந்த பந்தை வெஸ் வெல்கர் எம்பித் திரும்பித் தொட்டார். இரு கைகளும் பட்டும் பந்து நிற்கவில்லை. அடுத்து பந்தைப் பெற்ற நியூயார்க் ஜயன்ட்ஸ் டச்டவுன் அடித்து 21-17 என்று கோப்பையை வென்றது.

இத்தனைக்கும் அந்த சீசனில் 122 பந்துகளைப் பிடித்து லீகிலேயே முதலிடத்தில் இருந்தவர் வெல்கர். “பிரேடி கொஞ்சம் தள்ளி எறிந்துவிட்டார், அதனால்தான் வெல்கர் உடம்பைத் திருப்ப வேண்டியதாயிற்று” என்பது ஒரு கட்சி. “இரண்டு கையும் பட்டுச்சுல்ல, அப்புறம் என்ன?” என்பது இன்னொரு கட்சி. வெல்கர், அது தான் பிடித்திருக்க வேண்டிய பந்து என்று பழியைத் தானே ஏற்றுக்கொண்டார். விவாதம் மட்டும் ஓயவில்லை.

பந்து ஏன் நழுவுகிறது?

“கையில வந்து விழுற பந்தைப் பிடிக்கிறதுக்குத்தானே சம்பளம்?” என்று கேட்பது சுலபம். ஆனால், நழுவுவதற்குக் காரணங்கள் பல. அவற்றில் சிலவற்றைச் சரிசெய்ய முடியும், சிலவற்றை முடியாது.

முதல் காரணம், அவசரம். பந்து கைக்குள் முழுதாக அடங்கும் முன்பே, அடுத்து எந்தப் பக்கம் ஓடலாம் என்று கண்கள் திரும்பிவிடும். பந்தைக் கைக்குள் வரும்வரை பார்ப்பதைத்தான் பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

இரண்டாவது, பிடிக்கும் முறை. கைகளை முன்னால் நீட்டி, மார்புக்கு மேலே வரும் பந்துக்குக் கட்டைவிரல்களையும் இடுப்புக்குக் கீழே வரும் பந்துக்குச் சுண்டுவிரல்களையும் சேர்த்துப் பிடிப்பது சரியான முறை. சிலர் பந்தை மார்போடு அணைத்துப் பிடிப்பார்கள். அது நெஞ்சுக்கவசத்தில் பட்டுத் தெறிக்கும் ஆபத்து அதிகம். கல்லூரி ஆட்டத்தில் செல்லுபடியான பழக்கம் இங்கே காலை வாரிவிடும்.

மூன்றாவது, பயம். மைதானத்தின் நடுவே பந்துக்காகக் கையை உயர்த்தும்போது விலா எலும்பு திறந்துகிடக்கும். எந்த நொடியிலும் எதிரணி வீரர் வந்து மோதலாம். அந்தக் காலடிச் சத்தம் காதில் விழுந்தாலே கை தளர்ந்துவிடும்.

நான்காவது, மனம். ஒரு பந்தை விட்டவர் அடுத்த பந்து வரும்போது “இதையாவது பிடிச்சிடணும்” என்று நினைக்கத் தொடங்கினால், இயல்பாக நடக்க வேண்டிய காரியம் இறுகிப்போகும். இயந்திரம் தள்ளிவிடும் பந்துகளை நூற்றுக்கணக்கில் பிடித்துப் பழகினாலும் இந்த இறுக்கத்துக்கு அது மட்டும் மருந்தாகாது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சீசனில் பிடிக்கக்கூடிய பந்துகள் 100 வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நான்கை விடுகிறார், இன்னொருவர் எட்டை விடுகிறார். இரண்டாமவர் “இரண்டு மடங்கு மோசம்” என்று தலைப்புச் செய்தி போடலாம். ஆனால், வித்தியாசம் மொத்தமே நான்கு பந்துகள்; 17 ஆட்டங்களில், சராசரியாக நான்கு ஆட்டத்துக்கு ஒன்று. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. இந்த ஆண்டு எட்டு விட்டவர் அடுத்த ஆண்டு நான்கு விடலாம்.

டெரல் ஓவன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தை அடிக்கடி தவறவிடுபவர் என்ற பெயர் அவருக்குக் கடைசிவரை இருந்தது. 1999 ஜனவரி 3 அன்று கிரீன் பே பேக்கர்ஸுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ அணிக்காக அவர் ஆடியபோதும், பந்துகளை வரிசையாக விட்டார். ஆனால் ஆட்டம் முடிய மூன்று விநாடிகள் இருந்தபோது, 25 யார்டு தூரத்திலிருந்து வந்த பந்தை எதிரணி வீரர்களுக்கு நடுவே பிடித்து 30-27 என்று வெற்றி தேடித் தந்தவரும் அவர்தான். பிற்பாடு 153 டச்டவுன்களைப் பிடித்து, ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம்பெற்றார். அவர் விட்டதைவிட, அவர் மட்டுமே பிடிக்கக்கூடியவை அதிகம் என்று அணிகள் நம்பின.

ஒரே அணி, ஒரே சீசன், இரண்டு முடிவுகள்

சரி, 2023 சீஃப்ஸ் அணிக்கே திரும்புவோம். டோனி மட்டும் அல்ல, அந்த அணியின் இன்னொரு ரிசீவரும் அந்த சீசனில் ரசிகர்களின் கோபத்துக்கு ஆளானார். பெயர் மார்க்கெஸ் வால்டெஸ்-ஸ்கேன்ட்லிங். நவம்பர் 20 அன்று ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு எதிராக, கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் மஹோம்ஸ் எறிந்த நீண்ட பந்து அவர் கைகளில் வந்து விழுந்தது. பிடித்திருந்தால் டச்டவுன். நழுவியது. சீஃப்ஸ் 17-21 எனத் தோற்றது.

டிசம்பர் 10 அன்று பஃபலோ பில்ஸுக்கு எதிராக டோனி டச்டவுனே அடித்தார். ஆனால் ஆட்டம் தொடங்கும் கோட்டைத் தாண்டி நின்றிருந்ததால் அது செல்லாது என்றானது. 17-20 எனத் தோல்வி. அடுத்த வாரம் பேட்ரியாட்ஸுக்கு எதிராக அவர் கையில் பட்ட பந்து மறுபடியும் எதிரணியிடம் போனது. அந்த ஆட்டத்தை சீஃப்ஸ் வென்றாலும், அதன் பிறகு அந்த சீசனில் டோனி களமிறங்கவில்லை.

லயன்ஸ், ஈகிள்ஸ், பில்ஸ் ஆட்டங்களில் தோற்ற வித்தியாசம் முறையே 1, 4, 3 புள்ளிகள். இவற்றுக்கெல்லாம் நழுவிய பந்து மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் விலை சிறியதல்ல. 11-6 என்று சீசனை முடித்த சீஃப்ஸ், 13-4 என்று முடித்த பால்டிமோர் ரேவன்ஸிடம் முதலிடத்தை விட்டது. விளைவாக, மஹோம்ஸ் தன் வாழ்க்கையில் முதல்முறையாக, சூப்பர் பவுலுக்கு முந்தைய பிளேஆஃப் ஆட்டங்களை எதிரணி மைதானங்களில் ஆட வேண்டி வந்தது.

அங்கேதான் கதை திரும்புகிறது. 2024 ஜனவரி 28 அன்று பால்டிமோரில், 17-10 என்ற நிலையில், ஆட்டத்தை முடிக்க சீஃப்ஸுக்கு இன்னும் ஒரு முன்னேற்றம் தேவை. மஹோம்ஸ் யாரை நோக்கி எறிந்தார் தெரியுமா? வால்டெஸ்-ஸ்கேன்ட்லிங்கை! 32 யார்டு பந்து. விழுந்தபடியே பிடித்தார். இரண்டு வாரங்களில் சூப்பர் பவுலிலும் ஒரு டச்டவுன் பிடித்தார்; சீஃப்ஸ் மீண்டும் சாம்பியன்.

“பாத்தீங்களா, நம்பினதுக்குப் பலன்” என்று ஒரு தரப்பு கொண்டாடியது. ஆனால் அதே பிப்ரவரி மாதம் முடியும் முன்பே அவரையும் சீஃப்ஸ் விடுவித்துவிட்டது. 21 பந்துகள், 315 யார்டு, ஒரு டச்டவுன் என்ற வழக்கமான சீசன் கணக்குக்கு அவருடைய சம்பளம் அதிகம் என்பதே காரணம். டோனி அந்த ஆண்டு ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டார். பந்தை விட்டவருக்கும் பிடித்தவருக்கும் கடைசியில் ஒரே வாசல்தான்.

எவ்வளவு காலம் பொறுக்கலாம்?

இளம் வீரர் என்றால் விவாதம் இன்னும் சூடாகிறது. 2023 டிராஃப்டில் 20 முதல் 23 வரை வரிசையாக நான்கு ரிசீவர்கள் தேர்வானார்கள்: ஜாக்சன் ஸ்மித்-இஞ்சிக்பா, குவென்டின் ஜான்ஸ்டன், ஸே ஃபிளவர்ஸ், ஜோர்டன் ஆடிசன். இவர்களில் 21ஆவதாக லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் எடுத்த ஜான்ஸ்டன் மட்டும் முதல் ஆண்டிலேயே தடுமாறினார். 2023 நவம்பர் 19 அன்று பேக்கர்ஸுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் அவர் விட்ட நீண்ட பந்தும், 20-23 என்ற தோல்வியும் ரசிகர்கள் மனத்தில் பதிந்துபோயின. அந்த சீசனில் அவர் பிடித்தது 38 பந்துகள், 431 யார்டு.

“அடுத்து இருந்தவரை எடுத்திருந்தால்...” என்ற புலம்பல் அன்று தொடங்கியது. அடுத்த ஆண்டு நவம்பர் 25 அன்று, அந்த ‘அடுத்து இருந்தவர்’ ஃபிளவர்ஸ் ஆடும் ரேவன்ஸுக்கு எதிராக ஜான்ஸ்டனை நோக்கி ஐந்து பந்துகள் எறியப்பட்டன. ஒன்றைக்கூட அவர் பிடிக்கவில்லை. சார்ஜர்ஸ் 23-30 எனத் தோற்றது.

ஆனால் அந்த 2024 சீசன் முழுவதையும் பார்த்தால் வேறொரு படம் தெரியும்: 55 பந்துகள், 711 யார்டு, எட்டு டச்டவுன்கள். ஆக, ஒரே சீசனில் அவரைத் திட்டவும் காரணம் இருந்தது, வைத்துக்கொள்ளவும் காரணம் இருந்தது.

பயிற்சியாளர் போடும் கணக்கு

ரசிகர் பார்ப்பது நழுவிய பந்தை. பயிற்சியாளர் அதோடு வேறு சிலவற்றையும் பார்க்கிறார். தன்னைக் காவல் காப்பவரிடமிருந்து இந்த வீரர் விலகி ஓடுகிறாரா? சொன்ன பாதையில், சொன்ன நேரத்தில் நிற்கிறாரா? பந்து வராத நேரத்தில் சக வீரருக்காக எதிரணியைத் தடுக்கிறாரா? இவரை உட்கார வைத்தால் அடுத்து இருப்பவர் இதைவிட மேலா?

சந்தேகத்துக்கு இடமில்லாத டிராப் என்பதே, வீரர் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்ததன் அடையாளம்தான். விலகி ஓடவே தெரியாதவருக்குப் பந்தே வராது; பந்து வராதவர் பந்தை விடவும் மாட்டார். அவர் பெயர் விவாதத்திலும் வராது. டோனியின் பிரச்சினை விட்ட பந்துகளின் எண்ணிக்கை மட்டும் அல்ல. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காததும் சேர்ந்ததுதான் அவருக்கு வினையானது.

கோபத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு பல மாகாணங்களில் விளையாட்டுச் சூதாட்டம் சட்டபூர்வமாகிவிட்டது. இன்ன வீரர் இத்தனை யார்டு எடுப்பார் என்று தனித்தனியாகவே பந்தயம் கட்டலாம். அதனால், ஒரு பந்து நழுவினால் சிலருக்கு அணியின் தோல்வி மட்டுமல்ல, சொந்தப் பணமும் போகிறது. அந்த ஆத்திரம் இருபத்துச் சொச்சம் வயது இளைஞர் ஒருவரின் தலையில்தான் இறங்குகிறது.

ஆகவே அடுத்த முறை ஒரு ரிசீவர் பந்தை விடும்போது, “இவர் எத்தனை விட்டார்?” என்பதோடு நிறுத்தாமல், “அடுத்த பந்தையும் இவருக்கே எறியலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். பால்டிமோரில் மஹோம்ஸ் எறிந்தார். அதற்காக, நம்பினால் எப்போதும் பலன் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. செப்டம்பரில் அதே மஹோம்ஸ், தோல்விக்குப் பிறகும் டோனியை நம்புவதாகத்தான் சொன்னார்.