பிரிவுக்கும் ஓர் எல்லை உண்டு

பொருள் தேடிப் பிரிதல் தமிழர்க்குப் புதிதன்று. 'பொருள்வயிற் பிரிவு' என அதற்குப் பெயரிட்டு, பாலைத் திணையில் அதனை விரித்துப் பாடினர் நம் முன்னோர். ஆயினும், இன்று வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் தந்தையரின் பிரிவில் பழைய பாடல்கள் அறியாத ஒரு துயர் கலந்துள்ளது. மாணவரும் ஆசிரியரும் சமுதாயப் பெரியோரும் கூடிப் படிக்கும் இம்மலரில் அதனை எண்ணிப் பார்ப்பது பொருத்தமெனக் கருதுகிறோம்.

சவூதி அரேபியாவில் குடும்பத்தோடு வாழ்ந்த அயல்நாட்டுப் பணியாளர்களுக்கு 2017 ஜூலையில் புதிய கட்டணம் ஒன்று வந்தது. உடன் வாழும் மனைவி, மக்கள் ஒவ்வொருவர்க்கும் திங்கள்தோறும் 100 ரியால். ஆண்டுக்கு நூறு நூறாக உயர்ந்து, 2020 ஜூலையில் அது 400 ரியால் ஆயிற்று. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ள ஒருவர் ஆண்டுக்கு 19,200 ரியால் செலுத்த வேண்டியதாயிற்று. இக்காமாவைப் புதுப்பிக்கும்போதே அதனை முன்பணமாகக் கட்டவும் வேண்டும். நடுத்தர ஊதியத்தார் என் செய்வர்? குடும்பத்தை ஊரில் இறக்கி வைத்துவிட்டுத் தாம் மட்டும் விமானம் ஏறினர்.

முதன்முறை தனியே சென்றவரின் பிரிவு வேறு. குடும்பத்தோடு வாழ்ந்த ஊருக்கே தனியே திரும்பிச் செல்பவரின் பிரிவு வேறு. ஜித்தாவின் செங்கடற்கரையில் பிள்ளைகள் ஓடிய இடம் அப்படியே இருக்கிறது. குப்பூஸ் வாங்கிய கடையும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறையும் வந்து போகிறது. அவற்றைப் பார்க்கும் தந்தை தொலைபேசியில் பழைய நாள்களைப் பேசத் தொடங்குகிறார். மறுமுனையில் பிள்ளை, "சரி அத்தா, பணம் வந்துவிட்டது" என்று முடித்துவிடுகிறது. அன்பில்லாமல் அன்று, என்ன சொல்வதென்று அதற்குத் தெரியவில்லை. ஜித்தாவில் வளர்ந்த பிள்ளைக்குச் செய்யூர் தாயகம் என்று நாம் சொல்கிறோம். அதற்கோ தந்தையும் வீடும் தோழரும் ஒரே நாளில் கைநழுவிப் போயினர்.

இவ்விடத்தில் தொல்காப்பியம் நமக்கு இரண்டு செய்திகளை உணர்த்துகிறது. அகப்பாடலில் பேசுதற்குரியோர் யாவர் எனச் செய்யுளியல் வரையறுக்கிறது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாங்கன், பாணன் என அப்பட்டியல் நீள்கிறது. அவருள் பிள்ளைகள் இல்லை. பிரிவால் வாடும் குழந்தைக்கு நம் பழம்பாடல் மரபு பேசும் உரிமை தரவில்லை. இன்றைய நம் வீடுகளும் தரவில்லை.

இரண்டாவது செய்தி கற்பியலில் உள்ளது. கல்விக்காகப் பிரிவோர்க்கு மூன்றாண்டு எல்லை. வேந்தன் பணிக்காகப் பிரிவோர்க்கு ஓராண்டு எல்லை. ஏனைப் பிரிவுகளுக்கும் அதுவே முறை. கணவரைப் போர்முனைக்கு அனுப்பிய பெண்ணின் ஏக்கத்தைச் செவியுற்ற கலீஃபா உமர் (ரலி) அவர்களும் படைவீரர் வீட்டைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு வரம்பு வகுத்தார்கள். பிரிவே கூடாது என எவரும் கூறவில்லை. எல்லையற்ற பிரிவு கூடாது என்றே கூறினர். வளைகுடாப் பணியிலோ இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுமுறை என்பது பரவலான வழக்கம். அவ்வாறு எத்தனை இரண்டாண்டுகள் என்பதற்குத்தான் கணக்கில்லை.

செய்யூர் வட்டத்து இடைக்கழிநாடு இலக்கியப் புகழ் பெற்ற மண். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரினர். அவர் காட்டும் பாணன் வறுமையால் வழிநடந்தவனே. ஆயினும் அவன் தனியே செல்லவில்லை. விறலியரும் சுற்றமும் உடன்வர நடந்தான். வழியின் வருத்தத்தை அனைவரும் பகிர்ந்துகொண்டனர். நம் தந்தையர்க்கு அந்தப் பேறும் இல்லை.

"வயிற்றுப்பாட்டுக்குப் போகிறவனுக்கு எல்லை வகுப்பது எவ்வாறு?" எனப் பெரியோர் வினவலாம். நேரிய வினாவே. அயல்நாட்டுக் கட்டணத்தைக் குறைப்பது நம் கையில் இல்லை. ஆனால், பிரிவை நீட்டிப்பன யாவும் அயல்நாட்டுச் சட்டங்கள் அல்ல. கடன் தீர்ந்த பின்னும் மாடிமேல் மாடி எழுப்பும் ஆசை ஒன்று. மணமகன் மஹர் கொடுத்து மணக்க வேண்டிய சமுதாயத்தில் மணமகள் வீட்டாரிடம் கேட்கப்படும் கைக்கூலி மற்றொன்று. ஒரு மகளின் திருமணத்துக்காகத் தந்தை மேலும் ஐந்தாண்டு பாலையில் உழைப்பாரானால், அவ்வைந்தாண்டையும் அவர் வீட்டிலிருந்து பறித்தவர் யார்? அந்நாட்டு அரசன்று, பந்தலில் அமர்ந்து விருந்துண்ட நாமே.

எனவே, நாம் வேண்டுவன மூன்று. திரும்பிச் செல்லும் தந்தை, இன்ன தேவைக்கு, இன்ன ஆண்டு வரை எனக் குடும்பத்தார் அறியச் சொல்லிச் செல்ல வேண்டும். கைக்கூலி கேட்கும் திருமணங்களுக்குப் பெரியோர் செல்லாதிருக்க வேண்டும். மூன்றாவது, தமிழாசிரியராகிய நம் கடமை. தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. அயல்நாட்டுப் பள்ளியிலிருந்து இடையில் வரும் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறுகிறது. அதனை எள்ளி நகையாடாமல், அது நன்கறிந்த வாழ்வையே முதலில் எழுதச் சொல்லுவோம். ஜித்தா வீட்டின் சன்னலிலிருந்து என்ன தெரிந்தது, தந்தை வேலையிலிருந்து எப்போது வருவார், அவர் இல்லாத இவ்வீட்டில் எது மாறியிருக்கிறது என எழுதட்டும். பிழை இருந்தால் பிறகு திருத்தலாம்.

அவ்வெழுத்தைத் தந்தைக்கே மடலாக அனுப்பச் செய்வோம். தொலைவிலிருந்து நினைவுகளைப் பேசும் தந்தைக்கு அதுவே தக்க மறுமொழி. அகப்பாடல் மரபு பிள்ளைக்குத் தராத பேச்சுரிமையை நம் வகுப்பறை தரட்டும். தொல்காப்பியர் வகுத்த எல்லையை நம் இல்லங்கள் காக்கட்டும்.