நாலு இட்லியா, ரெண்டு இட்லியும் ஒரு கிண்ணம் சுண்டலுமா?



இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "வீட்டில் சர்க்கரை வியாதி. டாக்டர் 'புரோட்டீன் அதிகமாச் சேர்த்துக்கோங்க'ன்னு சொல்லி அனுப்பிட்டார். காலையில என்னத்தைப் பண்ணிப் போடுறது?" சிதம்பரத்துச் சகோதரி ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "கடையில் விற்கிற புரோட்டீன் டப்பாவை வாங்கிக் கரைச்சுக் கொடுத்துடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். டப்பா இருக்கட்டும். முதலில் தட்டைப் பார்ப்போம்.

எங்கள் பரங்கிப்பேட்டையில் ஒரு வீட்டில் இட்லி, தோசை என்றால், அடுத்த வீட்டில் இடியாப்பம், ஆப்பம். பெயர்தான் வேறு வேறு. உள்ளே போவது எல்லாம் அரிசி. தொட்டுக்கொள்ள தேங்காய்ச் சட்னி, இல்லாவிட்டால் தேங்காய்ப் பால். சிதம்பரம் பக்கம் கத்தரிக்காய் கொத்சு. கொத்சுவை நான் குறை சொல்ல மாட்டேன், சொன்னால் ஊரில் குடியிருக்க முடியாது! ஆனால் அது இன்னும் ரெண்டு இட்லியை உள்ளே இழுக்குமே தவிர, அதில் புரதச்சத்து என்று பெரிதாக ஒன்றுமில்லை.

கணக்குப் பாருங்கள். ஓர் இட்லியில் சுமார் 2 கிராம் புரதம். நாலு இட்லி சாப்பிட்டால் 8 கிராம் தேறும். கூடவே நாற்பது கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து போய்விடும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் வேண்டும். அதில் 15, 20 கிராமாவது காலையிலேயே வந்துவிட்டால் பதினோரு மணிக்குப் பசி வந்து பிஸ்கட் டப்பாவைத் தேட மாட்டோம்.

இது நம் ஊர்ச் சேதி மட்டுமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு 2023இல் வெளிவந்தபோது, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்று சொன்னது. அதே ஆய்வின் 2025 அறிக்கை, நாம் சாப்பிடும் சாப்பாட்டின் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்கிறது.

அதற்காக இட்லிப் பானையைப் பரணில் ஏற்ற வேண்டாம். நாலை ரெண்டாக்குங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு வேகவைத்த முட்டை. 50 கிராம் கடலையை ராத்திரி ஊறப்போட்டு வேகவைத்தால் ஒருவருக்கு வேண்டிய கிண்ணம் நிறையும். அதில் 9 கிராம் புரதம். முட்டையில் 6, ரெண்டு இட்லியில் 4. ஆக 19 கிராம்! கடலையிலும் மாவுச்சத்து உண்டு, ஆனால் நார்ச்சத்து நிறைய இருப்பதால் மெதுவாகத்தான் இரத்தத்தில் ஏறும்.

இன்னொரு சூட்சுமம், எதை முதலில் சாப்பிடுகிறோம் என்பது. சுண்டலையும் முட்டையையும் முதலில் சாப்பிட்டு, அப்புறம் இட்லிக்குக் கை போகட்டும். 2015இல் நியூயார்க்கில் உள்ள வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை வரிசை மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். கோழிக்கறியும் காய்கறியும் முதலில், ரொட்டியும் பழரசமும் கால்மணி கழித்து என்று சாப்பிட்டபோது, ஒரு மணி நேரத்தில் பார்த்த சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்ததாம். பதினோரு பேர் என்பது சின்னக் கூட்டம்தான். ஆனாலும் காசில்லாத வைத்தியம், செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை.

தினம் சுண்டலா என்று முகம் சுளிப்பவர்களுக்குப் பச்சைப் பயறு தோசை. ஒரு டம்ளர் பயறு, அதாவது 200 கிராம். ராத்திரி ஊறவைத்து, காலையில் இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம், உப்புப் போட்டு அரைத்து உடனே வார்க்க வேண்டியதுதான், புளிக்க வேண்டாம். அரிசி சேர்க்காமலே வரும். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் ரெண்டு ஸ்பூன் போதும். எட்டு தோசை வரும், ஒன்றுக்கு ஐந்தரை கிராம் புரதம். மேலே பொடியாக அரிந்த வெங்காயமும் முருங்கைக்கீரையும் தூவினால் தோசைக்கல்லிலிருந்தே பிள்ளைகள் பிடுங்கிக்கொண்டு போகும். தேங்காய்ச் சட்னிக்குப் பதில் வேர்க்கடலைச் சட்னி. நம் கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம் பக்கம் விளைகிற சரக்குதானே! ஒரு கை கடலை, 30 கிராம் போதும். எண்ணெய்ச் சத்து அதிகம், அளவு மீறினால் எடை கூடும்.

கடல் ஊரில் இருந்துகொண்டு மீனைச் சொல்லாமல் விட்டால் சரியாகாது. அன்னங்கோயில் கரையில் வாங்கின மீன் மத்தியானக் குழம்புக்கு மட்டும்தான் என்று யார் சொன்னது? 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம், மாவுச்சத்து கிடையவே கிடையாது. பிள்ளை பெற்றவளுக்குப் பண்ணிப்போடுகிற சுறாப் புட்டு சர்க்கரைக்காரருக்கும் ஏற்ற பலகாரம்தான். மீனை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, தண்ணீரைப் பிழிந்து உதிர்த்துக்கொள்ளுங்கள். சோம்பு தாளித்து, வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாயைத் தாராளமாக வதக்கி, உதிர்த்ததைப் போட்டுச் சுருளக் கிளறி, மிளகு தூவி இறக்க வேண்டும். சின்னப் பால்சுறா போதும். பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும். சில சுறா வகைகளைப் பிடிப்பதே சட்டப்படி குற்றம். சூரை மீனிலும் இதே மாதிரி செய்யலாம். கருவாட்டை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், உப்பு அதிகம். சர்க்கரையும் பிரஷரும் ஒட்டிப் பிறந்தது போலத்தானே வருகின்றன!

கேழ்வரகைப் பற்றியும் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அபாரம், மறுக்கவில்லை. புரதத்தில் அது கிட்டத்தட்ட அரிசிக்குச் சமம்தான். கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை மளமளவென்று ஏறவும் செய்யும். அடையாகத் தட்டி, பக்கத்தில் முட்டையோ சுண்டலோ வைத்துச் சாப்பிடலாம்.

இப்போது முக்கியமான சங்கதி. கடிதங்களில் "வீட்டில் சர்க்கரை" என்று எழுதியிருக்கிறீர்களே, பல கடிதங்களில் அந்த 'வீட்டில்' என்பது எழுதியவரேதான் என்று கடைசி வரியில்தான் தெரிகிறது. எங்கள் அடுத்த வீட்டு லாத்தா ஒருவர். எட்டு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொள்வார். முட்டை அவித்தால் வீட்டுக்காரருக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. எல்லோரையும் அனுப்பிவிட்டு அவர் உட்காரும்போது மணி பத்தரை, தட்டில் ஆறிப்போன இடியாப்பமும் சீனியும். "எனக்கு என்ன தங்கச்சி, கிடைச்சதைத் தின்னுட்டுப் போறேன்" என்பார். ஒரு நாள் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை 58க்கு இறங்கியிருந்தது. 70க்குக் கீழே போனாலே ஆபத்து.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போடவே கூடாது. நாலு இட்லியை ரெண்டாக்குவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மாத்திரை அளவையும் குறைக்க வேண்டியிருக்கலாம். சர்க்கரை இறங்கிவிட்டால் அந்த நேரத்துக்கு முட்டை உதவாது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, கால்மணி கழித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும். லாத்தா இப்போது எட்டு மணிக்கே தனக்கும் ஒரு முட்டை எடுத்து வைத்துக்கொள்கிறார். முட்டைக்காரரிடம் வாங்குவது கூடிப்போச்சு, அவ்வளவுதான்.

நோன்பு வைக்கிறவர்கள், வைக்கலாமா என்பதை ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அனுமதித்தால் சஹரைத் தவறவிடாமல், விடிவதற்கு முன் எவ்வளவு தாமதமாக முடியுமோ அவ்வளவு தாமதமாகச் சாப்பிடுவது நல்லது. வெறும் சோற்றைவிட முட்டை, பயறு, மீன், தயிர் இருந்தால் பசி தாங்கும். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதுதான் மார்க்க அறிஞர்கள் பெரும்பாலோரின் கருத்து. 70க்குக் கீழேயோ 300க்கு மேலேயோ போனால் நோன்பை விட்டுவிடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.

சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு நான் மேலே எழுதியது பொருந்தாது. புரதத்தை இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது. பல வருஷமாகச் சர்க்கரை இருந்தால் கிரியாட்டினினும், சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துவிட்டு, டாக்டர் சொல்கிற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, டப்பாவுக்கு வருவோம். வாங்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பி, 100 கிராமில் புரதம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று படியுங்கள். சத்துப் பானம் என்று விற்கிற சிலவற்றில் புரதத்தைவிடச் சர்க்கரை அதிகம் இருக்கும். பல் இல்லாத பெரியவர்கள், நோயில் படுத்து எழுந்தவர்கள் ஆகியோருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் வாங்கலாம். மற்றபடி அந்தக் காசுக்குப் பயறும் கடலையும் வாங்கினால் மாதம் முழுக்க வரும்.

அடுத்த இதழில் சாயங்கால டீக்கு பிஸ்கட்டுக்குப் பதில் என்ன என்று பார்க்கலாம்.