நஞ்சுக்கும் உயிருக்கும் இடையில் மருந்தாளர்

நஞ்சருந்திய நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படும் ஒருவரைக் காப்பாற்றப் போராடும் வைத்தியர்களையும் தாதியரையும் நாம் அறிவோம். ஆனால், உட்கொள்ளப்பட்டது எது, எவ்வளவு, அதற்குரிய முறிமருந்து கையிருப்பில் உள்ளதா என்னும் கேள்விகளுக்கு விடை கூறத்தக்க மருந்தாளர், எமது நாட்டில் மருந்து வழங்குபவராக மாத்திரமே பெரும்பாலும் நோக்கப்படுகின்றார்.

1995 ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தை எட்டியிருந்தது. கைக்கெட்டும் தூரத்திலிருந்த பீடைகொல்லிகளே இதற்குப் பிரதான காரணமாயின. 1984 முதல் கொடிய பீடைகொல்லிகள் கட்டம் கட்டமாகத் தடை செய்யப்பட்டன. இத்தடைகள் 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்களைக் காத்ததாக 2017 இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். உலகமே வியந்து நோக்கும் சாதனை இது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், நஞ்சு வயலிலிருந்து வீட்டு அலுமாரிக்கு இடம்பெயர்ந்துள்ளது. மருந்துகளை அளவுக்கு மீறி உட்கொண்டு அனுமதிக்கப்படுவோர் தொகை அதிகரித்துள்ளது. இவற்றுள் பராசிட்டமோல் முக்கியமானது. முதல் நாளில் நோயாளி நலமாகவே தோன்றுவார். ஈரல் பாதிக்கப்படுவது பின்னரே தெரியவரும். முறிமருந்தான அசிற்றைல்சிஸ்ரீனை எட்டு மணித்தியாலத்துக்குள் வழங்கினால் பெரும்பாலும் ஆபத்தைத் தவிர்க்கலாம். எனவே, அறிகுறி தோன்றும்வரை காத்திராது உடனே வைத்தியசாலையை நாடுவது அவசியமாகும்.

இங்கேதான் மருந்தாளரின் பணி தொடங்குகின்றது. பெயர் குறிக்கப்படாத காகித உறையில் வழங்கப்படும் குளிசை, அவசர வேளையில் வைத்தியரைத் திகைக்க வைக்கின்றது. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1953 இல் உருவான நஞ்சுக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு வழிகோலியவர்களுள் ஒருவர் லூயிஸ் கிடால்மன் என்னும் வைத்தியசாலை மருந்தாளரே. நச்சுப் பொருட்களின் விபரங்களை அட்டைகளில் எழுதிச் சேகரித்து, வைத்தியர்களின் வினாக்களுக்கு அவர் விடையளித்து வந்தார். இன்று அந்நாட்டின் நஞ்சுத் தகவல் நிலையங்களில் மருந்தாளர்கள் விசேட தகைமை பெற்றுக் கடமையாற்றுகின்றனர்.

எமது நாட்டிலும் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் 1988 இல் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் ஆரம்பிக்கப்பட்டது. பேராதனை, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களிலிருந்து மருந்தாளர் பட்டதாரிகள் வெளியேறுகின்றனர். நிலையமும் உண்டு, கற்றவரும் உளர்; இரண்டையும் இணைக்கும் பாதையே செப்பனிடப்பட வேண்டியுள்ளது.

முறிமருந்தின் விநியோகமும் உயிரோடு தொடர்புடையதே. அலரி நஞ்சுக்கான விலையுயர்ந்த முறிமருந்து 2001 இல் கிடைக்காமற்போனதும் மரணங்கள் அதிகரித்தன. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் நிலவிய மருந்துத் தட்டுப்பாட்டையும் நாம் மறக்கவில்லை. எந்த முறிமருந்து எந்த வைத்தியசாலையில் எத்தனை நாளைக்கு உள்ளது என்பதைக் கண்காணிக்க, மருந்தாளரை விடப் பொருத்தமானவர் எவர்?

ஆகவே, மாவட்ட வைத்தியசாலைகள் தோறும் நஞ்சியலில் பயிற்சி பெற்ற மருந்தாளர் நியமிக்கப்பட வேண்டும். மருந்து உறைகளில் மருந்தின் பெயரும் அளவும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட வேண்டும். மட்டக்களப்பிலோ ஹட்டனிலோ நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய்க்குத் தமிழில் வழிகாட்ட ஒரு குரல் இருக்க வேண்டும். பீடைகொல்லிகளைத் தடை செய்து பல்லாயிரம் உயிர்களைக் காத்த நாட்டுக்கு இது இயலாத காரியமல்ல. சுகாதார அமைச்சு இவ்விடயத்தில் தாமதமின்றிக் கவனம் செலுத்த வேண்டும் என வலியுறுத்த விரும்புகின்றோம்.